புதுத் திரையில் தொலைந்த புள்ளி

செகந்திராபாத் பத்மாராவ் நகரில், ஸ்கந்தகிரி முருகன் கோயிலிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் எங்கள் வீடு. முன்னறை ஜன்னலோரம் ஒரு மேசை. அங்கே உட்கார்ந்துதான் சென்னைப் பதிப்பகங்களுக்கு மெய்ப்புப் பார்க்கிறேன். பக்கங்கள் மின்னஞ்சலில் வரும். படித்து, திருத்தம் குறித்து, திருப்பி அனுப்புவேன். வாசலில் தெலுங்கு, உள்ளே தமிழ் ஒற்றும் சந்தியும். கல்யாணமாகி ஹைதராபாத் வந்த நாளிலிருந்து இதுதான் என் தொழில்.

2025 கடைசியில் மடிக்கணினியை மாற்ற வேண்டி வந்தது. அந்த ஆண்டு அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கு வழக்கமாக வந்துகொண்டிருந்த பாதுகாப்புப் புதுப்பிப்புகள் நின்றுவிட்டன. என் பழைய கணினி விண்டோஸ் 11ஐ ஏற்றுக்கொள்ளாத தலைமுறையைச் சேர்ந்தது. பதிப்பகங்களின் கையெழுத்துப் பிரதிகளைப் பாதுகாப்பில்லாத கணினியில் வைத்திருக்க மனம் ஒப்பவில்லை. புதிதாக ஒன்று வாங்கினேன். 14 அங்குலத் திரை, எடை குறைவு, நல்ல வேகம்.

என் அண்ணன் மகன் கச்சிபௌலியில் மென்பொருள் வேலையில் இருக்கிறான். அவன்தான் பெட்டியைப் பிரித்து எல்லாவற்றையும் பொருத்தினான். “எழுத்து ரொம்பப் பொடியா இருக்கு அத்தை, உங்களுக்காகப் பெருசாக்கி வச்சிருக்கேன்” என்று சொல்லிவிட்டுப் போனான். எழுத்து பெரிதாகத்தான் இருந்தது. ஆனால் ஓரங்கள் கரைந்திருந்தன. அப்போது மேசையில் ஒரு சித்த மருத்துவ நூல். ‘பூண்டு 4 பல்’ என்ற இடத்தில் ல்-இன் மேல் புள்ளி இருக்கிறதா இல்லையா என்று திரையை முந்நூறு சதவிகிதம் பெரிதாக்கிப் பார்த்தால்தான் தெரிந்தது. ‘மணம்’ என்று படித்தது ‘மனம்’ ஆக இருந்தது. ‘கெடு’வும் ‘கேடு’ம் ஒரே மாதிரித் தெரிந்தன.

ஆங்கிலம் படிப்பவர்களுக்கு மங்கல் எழுத்து ஒரு தொந்தரவு. ஊகித்துப் படித்துக் கடந்துவிடலாம். தமிழில் அது பொருளையே மாற்றிவிடும். மெய்யெழுத்தின் அடையாளம் தலைமேல் ஒரு புள்ளி மட்டுமே. கி, கீ இரண்டுக்கும் நடுவே இருப்பது ஒரு சின்னச் சுழி. ண, ன இரண்டுக்கும் ஒரு சுழிதான் வேறுபாடு. எகர ஏகாரங்களையும் ஒகர ஓகாரங்களையும் எழுத்திலேயே பிரித்துக் காட்ட 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் மெனக்கெட்டார். ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு என்று இன்று நாம் எழுதுவது அவர் செய்த சீர்திருத்தத்தின் பயன். அந்த இரண்டு சுழிகளும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் முந்நூறு ஆண்டு முன்னேற்றம் அந்த இடத்தில் அழிந்துபோகிறது. ஏட்டுச்சுவடிகளில் பெரும்பாலும் புள்ளி கிடையாது. ‘பல’வா ‘பல்’லா என்பதைப் பதிப்பாசிரியர்கள் இடம் பார்த்து முடிவு செய்தார்கள். அச்சு வந்த பிறகு நமக்குக் கிடைத்த பெரிய வசதி அந்தப் புள்ளி. அதைக் கணினித் திரையில் இழக்க நான் தயாராக இல்லை.

ஐம்பது வயது தாண்டியவர்களுக்கு முதலில் எழும் சந்தேகம் கண்ணைப் பற்றியது. அது நியாயமான சந்தேகமும்கூட. நாற்பதுக்கு மேல் கண்ணின் லென்ஸ் வளைந்துகொடுக்கும் திறன் குறைகிறது; கிட்டத்தில் இருப்பது மங்குகிறது. படிக்கும் கண்ணாடி பெரும்பாலும் கையில் புத்தகம் பிடிக்கும் தூரத்துக்குக் கொடுக்கப்படுகிறது. மடிக்கணினித் திரை அதைவிடத் தள்ளி, அரை மீட்டருக்கு மேல்கூட இருக்கும். அந்த தூரத்துக்கென்று தனிக் கண்ணாடி எழுதித் தரச் சொல்லிக் கேட்கலாம். கண் மருத்துவரிடம் போகும்போது திரைக்கும் கண்ணுக்கும் உள்ள தூரத்தை அளந்துகொண்டு போவது நல்லது. ஆனால் சோதித்துப் பார்க்க மருத்துவமனை வரை போக வேண்டியதில்லை. அச்சிட்ட புத்தகம் ஒன்றைத் திரையோடு ஒட்டி, அதே தூரத்தில் பிடியுங்கள். அதே அளவு எழுத்து புத்தகத்தில் கூர்மையாகவும் திரையில் மங்கலாகவும் தெரிந்தால் குற்றம் கண்ணுடையது அல்ல. எனக்கு அப்படித்தான் தெரிந்தது.

மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு பார்க்லேன் போனேன். பாரடைஸ் பக்கம் சினாய் டிரேட் சென்டரும் அதைச் சுற்றிய கடைகளும் இருக்கும் அந்தத் தெருதான் இந்த நகரத்தின் பழைய கணினிச் சந்தை. ஹைடெக் சிட்டியின் கண்ணாடிக் கட்டடங்களில் மென்பொருள் எழுதுகிறார்கள். பார்க்லேனில் கணினியைப் பிரித்து மாட்டுகிறார்கள். நான் போன கடையில் ஒரு பெரியவர். குழாய் மானிட்டர் காலத்திலிருந்து திரை பழுதுபார்க்கிறவர். தெலுங்கும் தக்கனியும் கலந்த பேச்சு. திரையைத் தொடக்கூட இல்லை. முதல் கேள்வியே வேறு. கண்ணா, கணினி வரைகிற படமா, படம் வந்து சேருகிற வழியா, முதலில் இதைப் பிரித்துக்கொள்ள வேண்டும் அம்மா என்றார்.

அவர் சொல்லித் தந்த சோதனையைப் பிறகு நான் எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். மங்கலாகத் தெரியும்போதே ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். அந்தப் படத்தை வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பாமல் ‘டாக்குமென்ட்’ ஆகச் செல்பேசிக்கு அனுப்புங்கள். படமாக அனுப்பினால் சுருக்கப்பட்டு, அந்தச் சுருக்கமே ஒரு மங்கலை உண்டாக்கும். செல்பேசியில் பெரிதாக்கிப் பாருங்கள். அங்கேயும் எழுத்து மங்கியிருந்தால் கணினிக்குள் மென்பொருள் எழுத்தை வரைகிற இடத்திலேயே கோளாறு. செல்பேசியில் தெளிவாக இருந்து திரையில் மட்டும் மங்கல் என்றால் வரைந்தது சரி. திரையின் ரெசல்யூஷனிலோ, கேபிளிலோ, மானிட்டரிலோதான் பிரச்சினை.

என் ஸ்கிரீன்ஷாட் செல்பேசியில் பளிச்சென்று இருந்தது. பெரியவர் டிஸ்ப்ளே செட்டிங்ஸைத் திறந்தார். 1366க்கு 768 என்று இருந்தது. திரையோ 1920க்கு 1080 பிக்சல் கொண்டது.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று விளக்க வேண்டும். வீடுகளில் நான் பார்த்த மங்கல்களில் பெரும்பகுதி இங்கேதான் பிறக்கிறது.

பழைய குழாய் மானிட்டரில் பிக்சல் என்பது கண்ணாடியில் நிலையாக அச்சடித்த கட்டம் அல்ல. எலக்ட்ரான் கற்றை வரைகிற படம். எந்த ரெசல்யூஷனை வைத்தாலும் ஓரளவு சமாளித்துக்கொள்ளும். இன்றைய தட்டைத் திரை அப்படியில்லை. தொழிற்சாலையிலேயே குறுக்கே 1920, நெடுக்கே 1080 என்று எண்ணிப் பதித்த விளக்குக் கட்டங்கள். ஒரு கட்டம் ஒரு நேரத்தில் ஒரே நிறம்தான் காட்டும். பாதிக் கட்டம் கிடையாது. 1366 பிக்சலில் வரைந்த படத்தை 1920 கட்டங்களில் பரப்பச் சொன்னால் ஒவ்வொரு பிக்சலுக்கும் ஏறத்தாழ 1.4 கட்டம் கிடைக்கிறது. அந்தப் பின்னத்தை நிரப்பக் கணினி பக்கத்துப் பிக்சல்களின் நிறத்தைக் கலந்து சாம்பல் பூசுகிறது. கரிய கோட்டின் இரண்டு ஓரத்திலும் சாம்பல். புள்ளி ஒரே பிக்சல்தான் என்றால் அது முழுக்கவே சாம்பலாகிக் கரைந்துவிடும்.

அண்ணன் மகன் ரெசல்யூஷனைக் குறைத்து வைத்தது அன்போடுதான். பெரியவர்களுக்குக் கணினி பொருத்தித் தருகிற பிள்ளைகள் பலரும் இதையே செய்கிறார்கள், ஏனென்றால் எழுத்து உடனே பெரிதாகிறது. சரியான வழி அதற்கு மேலேயே இருக்கிறது. ரெசல்யூஷனை ‘ரெக்கமண்டட்’ என்று எழுதியிருக்கும் அளவிலேயே விட்டுவிட வேண்டும். அதற்கு மேல் ‘ஸ்கேல்’ என்று ஒன்று இருக்கும். அதை 125 அல்லது 150 சதவிகிதமாக்க வேண்டும். இரண்டிலும் எழுத்து பெரிதாகும், ஆனால் விளைவு நேர் எதிர். ரெசல்யூஷனைக் குறைத்தால் குறைந்த பிக்சலில் வரைந்ததை இழுத்துப் பெரிதாக்குகிறது. ஸ்கேலைக் கூட்டினால் அதே எழுத்தை அதிக பிக்சல் செலவழித்துப் புதிதாக வரைகிறது.

எண்ணில் சொல்கிறேன். விண்டோஸ் ஓர் அங்குலத்துக்கு 96 பிக்சல் என்று கணக்கு வைத்திருக்கிறது. அச்சுத் தொழிலில் ஓர் அங்குலத்துக்கு 72 பாயின்ட். ஆகவே 12 பாயின்ட் எழுத்துக்குக் கிடைக்கும் உயரம் 16 பிக்சல். அந்தப் பதினாறுக்குள் மேல்கொம்பும், உடலும், கீழே தொங்கும் காலும், தலைமேல் புள்ளியும் அடங்க வேண்டும். ‘ஞ’வை 16க்கு 16 கட்டத்தாளில் வரைந்து பாருங்கள், கஷ்டம் புரியும். 150 சதவிகித ஸ்கேலில் அதே எழுத்துக்கு 24 பிக்சல் உயரம். 256 கட்டங்களில் அடைத்ததை 576 கட்டங்களில் வரையலாம். சுழிக்குள் வெள்ளை தெரியும்.

திரைப் பிரச்சினை அன்றைக்கே தீர்ந்தது. வீட்டுக்கு வந்து உலாவியைத் திறந்தால் எழுத்து பளிச். வேர்டில் பளிச். ஆனால் பதிப்பகம் அனுப்பிய பேஜ்மேக்கர் கோப்பைத் திறந்தால் மறுபடியும் மங்கல்.

தமிழ்ப் பதிப்புத் துறைக்கு வெளியே இருப்பவர்களுக்கு இது வியப்பாக இருக்கலாம். பேஜ்மேக்கர் 1985இல் வந்த மென்பொருள். கடைசிப் பதிப்பான 7.0 வெளிவந்தது 2001இல். பக்க வடிவமைப்பில் அதன் இடத்தை இன்டிசைன் பிடித்துக்கொண்டது. ஆனாலும் தமிழ் டிடிபி நிலையங்கள் பலவற்றில் பேஜ்மேக்கர் இன்றும் ஓடுகிறது. யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் தட்டச்சான ஆயிரக்கணக்கான பக்கங்கள் அதற்குள்தான் இருக்கின்றன. ஒரு பழைய நூலை மறுபதிப்புச் செய்ய வேண்டுமென்றால் அந்தக் கோப்பைத்தான் திறக்க வேண்டும். நல்ல மென்பொருள், அதைச் செய்த காலத்தில் எல்லாத் திரையும் ஏறத்தாழ ஒரே நெருக்கம், அவ்வளவுதான்.

இங்கே நடப்பது வேறு வகை மங்கல். விண்டோஸ் விஸ்டா 2007இல் கடைகளுக்கு வந்தபோது மைக்ரோசாப்ட் ஓர் ஏற்பாடு செய்தது. ‘நெருக்கமான திரைக்கு ஏற்ப என்னை நானே பெரிதாக்கிக்கொள்வேன்’ என்று அறிவிக்கிற மென்பொருளைத் தன் போக்கில் விட்டுவிடும். அறிவிக்காத மென்பொருளிடம் ‘இது பழைய 96 பிக்சல் திரைதான்’ என்று சொல்லி, அது வரைந்ததை வாங்கி, ஒரு புகைப்படமாகக் கருதி இழுத்துப் பெரிதாக்கிவிடும். பலூனில் பேனாவால் எழுதிவிட்டு ஊதினால் எழுத்து எப்படிப் பெரிதாகி வெளிறுமோ, அப்படி ஆகிறது. 2001இல் வந்த மென்பொருள் 2007இல் வந்த விதிக்குப் பதில் சொல்லியிருக்க வழியில்லை. நம் ஊரில் இன்னும் புழங்கும் பழைய கணக்கு மென்பொருள்கள், அகராதிகள், ஜாதக மென்பொருள்கள் பலவும் இந்த வகையில் சேரும்.

இதற்கு வழி இருக்கிறது, எளிதுதான். அந்த மென்பொருளின் ஐகானில் வலது சொடுக்குச் செய்து ‘பிராப்பர்ட்டீஸ்’ போங்கள். அதில் ‘காம்பாட்டிபிலிட்டி’ பக்கம். கீழே ‘சேஞ்ச் ஹை டிபிஐ செட்டிங்ஸ்’ என்ற பொத்தான். திறந்தால் கடைசியில் ‘ஓவர்ரைடு’ என்று தொடங்கும் ஒரு வரி. அதைத் தேர்ந்தெடுத்தால் மூன்று வாய்ப்புகள் விரியும். ‘அப்ளிகேஷன்’ என்பதை வைத்தால் இழுத்துப் பெரிதாக்கும் வேலையை விண்டோஸ் கைவிட்டுவிடும். எழுத்து கூர்மையாகும், ஆனால் மெனுவும் கருவிப்பட்டையும் குட்டியாகச் சுருங்கும். ‘சிஸ்டம் என்ஹான்ஸ்டு’ என்பது 2017இல் விண்டோஸ் 10இல் சேர்ந்தது. மென்பொருள் எழுத்தை வரையச் சொல்லும் இடத்தில் விண்டோஸே குறுக்கிட்டு, பெரிய அளவில் புதிதாக வரைந்து தரும். சில மென்பொருள்களில் இது அருமையாக வேலை செய்கிறது. சிலவற்றில் கட்டங்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிவிடுகின்றன. இரண்டையும் வைத்துப் பார்த்து, மென்பொருளை மூடித் திறந்து, எது சரியோ அதை விட்டுவிடலாம். பேஜ்மேக்கருக்கு நான் வைத்திருப்பது ‘அப்ளிகேஷன்’. மெனு எனக்கு மனப்பாடம். அது குட்டியாக இருந்தால் குறைவொன்றும் இல்லை. பக்கத்தை வேண்டிய அளவு பெரிதாக்கிக்கொள்ளலாம். புள்ளி தெரிகிறது.

இன்னொன்று: ஸ்கேலை மாற்றியவுடன் சில மென்பொருள்கள் மங்கிப்போனால் பதறாதீர்கள். கணக்கிலிருந்து ஒருமுறை வெளியேறி மறுபடி உள்ளே வாருங்கள். பல நேரம் அதுவே போதும்.

சிலர் சொல்லும் குறை வேறு. எழுத்து மங்கவில்லை, ஆனால் ஓரத்தில் சிவப்பும் நீலமும் கசிகிறது என்பார்கள். இதன் கதை எனக்குப் பிடித்தமானது.

1998 நவம்பரில் லாஸ் வேகாஸில் நடந்த காம்டெக்ஸ் கண்காட்சியில் பில் கேட்ஸ் ‘கிளியர்டைப்’ என்ற உத்தியை அறிவித்தார். அதே மாதம் 22ஆம் தேதி இங்கே மாதாப்பூரில் சைபர் டவர்ஸைப் பிரதமர் வாஜ்பாய் திறந்துவைத்தார். அதே ஆண்டில்தான் மைக்ரோசாப்டின் இந்திய மேம்பாட்டு மையமும் ஹைதராபாத்தில் தொடங்கியது. இந்த மூன்றுக்கும் ஒன்றோடொன்று தொடர்பு கிடையாது. ஆனால் என் கணினியில் எழுத்தைப் பார்க்கும்போதெல்லாம் அந்த ஆண்டு நினைவுக்கு வருகிறது.

கிளியர்டைப்பை உருவாக்கியவர்களில் ஒருவர் பில் ஹில். ஸ்காட்லாந்தில் பத்திரிகையாளராக இருந்தவர். எழுத்தைப் படிக்கிறவர்களின் பக்கமிருந்து யோசித்தவர் என்பதால் அவர்மேல் எனக்குத் தனி மரியாதை. உத்தி இதுதான்: திரையின் ஒவ்வொரு பிக்சலும் உண்மையில் பக்கம் பக்கமாக நிற்கும் மூன்று பட்டைகள், சிவப்பு, பச்சை, நீலம். எழுத்தின் ஓரம் ஒரு பிக்சலின் மூன்றில் ஒரு பாகத்தில் முடிகிறது என்றால் அந்த ஒரு பட்டையை மட்டும் அணைக்கலாம். கண் நிறத்தைவிட வெளிச்சத்தின் நுணுக்கத்தை நன்றாகப் பிரித்தறியும். ஆகவே நிறம் தெரியாமல் கூர்மை மட்டும் தெரியும். 2001இல் விண்டோஸ் எக்ஸ்பியோடு இது வீடுகளுக்கு வந்தது.

ஆனால் இதற்கு ஒரு நிபந்தனை: பட்டைகள் எதிர்பார்த்த வரிசையில் இருக்க வேண்டும். சில திரைகளில் நீலம் முதலில் வரும். ஓஎல்இடி திரைகள் பலவற்றில் அடுக்குமுறையே வேறு. என்னைப் போன்றவர்கள் முழுப் பக்கத்தையும் ஒரே பார்வையில் பார்க்க மானிட்டரை நெட்டுக்குத்தலாகத் திருப்பி வைப்போம். அப்போது பட்டைகள் பக்கம் பக்கமாக இல்லாமல் மேலும் கீழுமாக ஆகிவிடுகின்றன. கணக்கு தப்பி, ஓரத்தில் நிறம் கசிகிறது. ஸ்டார்ட் பொத்தானை அழுத்தி ‘கிளியர்டைப்’ என்று தேடினால் ஒரு சரிசெய்யும் கருவி திறக்கும். சில மாதிரிப் பத்திகளைக் காட்டி எது தெளிவு என்று கேட்டுக்கொண்டே போகும். திரைக்கு நேராக, வழக்கமாக உட்காரும் தூரத்தில் உட்கார்ந்து, அவசரமில்லாமல் தேர்ந்தெடுங்கள். நெட்டுக்குத்தல் திரையிலும் ஓஎல்இடியிலும் கிளியர்டைப்பை அணைத்துவிடுவதே சில நேரம் நல்லது.

தமிழுக்கு இதில் ஒரு கூடுதல் சங்கடம் உண்டு. பழைய கிளியர்டைப் இடவலமாக மட்டுமே மெருகேற்றியது. ஆங்கில எழுத்துகளில் நேர்க்குத்துக் கோடுகள் அதிகம். அவற்றுக்கு அது போதும். நம் எழுத்தில் சுழியும் வளைவும் படுக்கைக் கோடும் நிறைய. அவற்றின் மேல்விளிம்பும் கீழ்விளிம்பும் படிக்கட்டாக உடைந்து நின்றன. 2009இல் விண்டோஸ் 7இல் வந்த ‘டைரக்ட்ரைட்’ என்ற புதிய முறைதான் மேல்கீழாகவும் மெருகேற்றியது. ஆகவே ஒரே கணினியில் புதிய மென்பொருளில் தமிழ் அழகாகவும், பழைய மென்பொருளில் அதே எழுத்துரு கரடுமுரடாகவும் தெரிந்தால் காரணம் இதுவாக இருக்கலாம். எழுத்துருவையும் கவனியுங்கள். விண்டோஸ் 2000இலிருந்து வரும் லதா குறைந்த பிக்சல் திரைகளின் காலத்தைச் சேர்ந்தது. விண்டோஸ் 8இலிருந்து வரும் நிர்மலா யூஐ, கூகுளின் நோட்டோ சான்ஸ் தமிழ், ஆப்பிள் கருவிகளில் முத்து நெடுமாறன் வடிவமைத்த இணைமதி, இவையெல்லாம் திரையில் படிக்க நன்றாக இருக்கின்றன. 1990களில் டிடிபிக்கென்று செய்த எழுத்துருக்கள் பலவும் தாளில் அழகாக விழ வேண்டும் என்ற நோக்கில் செய்யப்பட்டவை. மெய்ப்புப் பார்க்கும்போது அவற்றைப் பெரிதாக்கித்தான் பார்க்க வேண்டும். அங்கே எந்த செட்டிங்கும் முழுதாக உதவாது.

ஆப்பிள் கணினிக்கு மாறியவர்களுக்கு ஒரு வார்த்தை. 2018இல் வந்த மொஹாவே பதிப்போடு மேக் இந்த மூன்று பட்டை மெருகேற்றலை நிறுத்திவிட்டது. அதன் சொந்தத் திரை மிக நெருக்கமானது என்பதால் அங்கே குறை தெரியாது. பழைய மானிட்டரை இணைத்தால் எழுத்து மெலிந்து வெளிறித் தெரியும். மானிட்டரை மாற்றுவதுதான் உண்மையான தீர்வு.

கேபிளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பழைய நீல நிற விஜிஏ இணைப்பை அடாப்டர் போட்டுப் புதுக் கணினியில் செருகினால் அனலாக் குறிப்பலையின் நடுக்கம் எழுத்தில் தெரியும்; மானிட்டரில் எச்டிஎம்ஐ வாய் இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். டிவியை மானிட்டராக வைப்பவர்கள் டிவியின் மெனுவில் அந்த உள்ளீட்டை ‘பிசி’ என்று மாற்றி, ஷார்ப்னெஸைக் குறைத்துப் பார்க்க வேண்டும். பல டிவிகள் நிறத் தகவலைப் பாதியாகக் குறைத்துக் காட்டுகின்றன. சினிமாவுக்கு அது போதும். வெள்ளையில் சிவப்பு எழுத்தைப் படிக்கப் போதாது.

திரை வாங்கப் போகிறவர்கள் கடையில் கேட்க வேண்டியது அங்குலத்தை மட்டும் அல்ல, நெருக்கத்தை. நல்ல பார்வை உள்ள கண் ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கைப் பிரித்தறியும் என்பது கண் மருத்துவத்தின் அளவுகோல். அரை மீட்டர் தூரத்தில் அது ஓர் அங்குலத்துக்கு ஏறத்தாழ 175 பிக்சல் என்று ஆகிறது. என் பழைய 15.6 அங்குலக் கணினியில் இருந்தது சுமார் 100. இப்போதைய 14 அங்குலத்தில் 157. அதே அளவில் 2880க்கு 1800 திரை என்றால் 240ஐத் தாண்டிவிடும். அச்சகத்திலிருந்து வரும் சாதாரண லேசர் பிரதியே 600. தமிழ் எழுதிப் படித்துப் பிழைக்கிறவர்களுக்கு வேகமான பிராசஸரைவிட நெருக்கமான திரை முக்கியம் என்பது என் உறுதியான கருத்து. டிடிபி நிலையங்களில் நாள் முழுக்கக் கண் வைத்திருக்கும் பெண்களுக்கு முதலாளிகள் வாங்கித் தர வேண்டியதும் அதுதான். அங்கே பெரும்பாலும் மலிவான மானிட்டர், அதுவும் தப்பான ரெசல்யூஷனில் ஓடுகிறது. தவறு போனால் மட்டும் அவர்கள் கண்ணைக் குறை சொல்கிறார்கள்.

இப்போது என் பென்டிரைவில் ஒரு சின்னக் கோப்பு வைத்திருக்கிறேன். நாலைந்து வரி: பல பல், கல கல், மணம் மனம், கெடு கேடு, கொடு கோடு, கிளி கீரி, ழ ள ல, ஞ ஞா. யாராவது புதுக் கணினி வாங்கத் துணைக்குக் கூப்பிட்டால் அதை எடுத்துக்கொண்டு போவேன். ரெசல்யூஷன் ‘ரெக்கமண்ட’டில் இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிட்டு, நோட்பேடில் எழுத்தை 10 பாயின்ட் ஆக்கி, நூறு சதவிகிதத்தில் திறக்கச் சொல்வேன். பார்க்லேன் கடைப் பையன்களுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் ஆர்வத்தோடு குனிந்து பார்ப்பார்கள். இரண்டு கணினியைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் திறந்தால் எது தெளிவு என்று அவர்களே காட்டிவிடுகிறார்கள். போன மாதம் ஒரு பையன் அந்தக் கோப்பைப் பார்த்துவிட்டு, தெலுங்குக்கும் இப்படி ஒன்று எழுதித் தாருங்கள் மேடம் என்று கேட்டான். ஒத்து எழுத்துகள் அடுக்கடுக்காகக் கீழே தொங்கும் மொழி அது. அவர்களுடைய கஷ்டம் நம்முடையதைவிடப் பெரிது. பக்கத்து வீட்டுத் தெலுங்கு ஆசிரியையை உட்காரவைத்து எழுதி வாங்கி, அவன் கடைக் கணினியில் ஏற்றிவிட்டு வந்தேன்.